அமாவாசை வாசகர்கள்

எனக்கு முதன்முதலில் கிடைத்த அரசாங்க நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை நாலாக மடித்து அடியில் செருகிவிட்டு உட்கார்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு கிளை நூலகத்தில் தற்காலிக வேலை. எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து வைத்துவிட்டு, கூலிக்கு நாற்று பிடுங்கப் போய்க்கொண்டிருந்தவன் நான். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை. அது ஆடினால்தான் என்ன?

நூலகம் என்றதும் பெரிய கட்டடமாக நினைக்க வேண்டாம். ஒரு நெசவாளர் வீட்டின் முன்னறை, அவ்வளவுதான். வீட்டுக்காரர் பின்பக்கம் தறி போட்டிருந்தார், முன்பக்கத்தை வாடகைக்கு விட்டிருந்தார். நடுவில் ஒரு சுவர். நான் பத்திரிகைகளை மேசையில் பரப்பும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓட ஆரம்பித்துவிடும்.

சேர்ந்த அன்று சாவி வாங்கப் போனேன். வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊருப்பா?"

"ஏனாத்தூருக்கு அந்தாண்டங்க."

"அங்க எந்தப் பக்கம்?"

இரண்டாவது கேள்விக்காகத்தான் முதல் கேள்வியே கேட்கிறார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சிலர் பேச்சை மாற்றுவார்கள், சிலர் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லித் தப்பிப்பார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, கோபம் மட்டும்தான் உண்டு.

"காலனிங்க," என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

அவர் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நீட்டிய என் கை நீட்டியபடியே இருந்தது. அந்தச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தபோதே, இந்தத் தெருவைப் பற்றி நான் முடிவு கட்டிவிட்டேன்.

அதற்கேற்றாற்போல் நூலகத்துக்கு ஆளே வரவில்லை. காலையில் பென்ஷன்காரர்கள் இரண்டு பேர் வந்து பேப்பரைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுப் படித்துவிட்டுப் போவார்கள். மாலையில் அதுவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் அந்த இரண்டு கையெழுத்துகளும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பக்கம் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. என்னால்தான். காலனிக்காரன் கை பட்ட புத்தகம் இவர்களுக்கு ஆகாது. வேறென்ன காரணம் இருக்க முடியும்?

ஒரு வீம்பு வந்துவிட்டது. தெருவுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். யாராவது வாசலில் எட்டிப் பார்த்தால், பேப்பரிலிருந்து தலையை எடுக்க மாட்டேன். குடிக்கத் தண்ணீரை ஸ்குவாஷ் பாட்டிலில் நிரப்பி, சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டிலிருந்தே கொண்டுவருவேன். சுவருக்கு அந்தப் பக்கம் குடம் குடமாகத் தண்ணீர் இருந்தது. கேட்டால் தருவார்களா, தந்தால் எதில் தருவார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியமில்லை. அதனால் கேட்கவே இல்லை. அதற்கு ரோஷம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வாசகர் வருகை போதவில்லை, தீபாவளிக்கு முன்பு அதிகாரி நேரில் பார்வையிடுவார், தேவைப்பட்டால் இந்தக் கிளை எடுக்கப்படும். அது எடுக்கப்பட்டால் நானும் எடுக்கப்படுவேன் என்று தனியாக எழுத வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அப்பா அப்போதெல்லாம் டீக்கடையில் யாரைப் பார்த்தாலும், "எம் புள்ள லைப்ரரியில இருக்கறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் என்ன சொல்வேன்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த இரண்டாவது நாள்தான் வீட்டுக்காரரின் மனைவி வந்தார். அதுவரை அவரை நான் முகம் பார்த்துப் பேசியதில்லை. அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு என்பது சுவர் வழியாகத் தெரியும். கையில், நெசவுக்காகக் குச்சியில் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த பட்டு நூலோடு வாசற்படியில் நின்று, எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு வந்தார்.

"ஏம்பா, எங்க ஆளுங்கள உனக்குப் புடிக்கலன்னா நேராச் சொல்லிடேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் இன்னாக்கா பண்ணேன்?"

"ஆடி அமாவாசைக்கு வந்தாங்க, பூட்டு. போன அமாவாசைக்கு வந்தாங்க, அப்பவும் பூட்டு. குளிச்சி, வெள்ள வேட்டி கட்டிக்கினு பத்துப் பன்னெண்டு பேரு வந்து நின்னுட்டுப் போனாங்க. மத்த நாள்ல எட்டிப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கினு உக்காந்துக்கற. கெவுருமெண்டு வேல வந்ததும் நம்மள மதிக்க மாட்றான்னு தெருவே பேசுது."

"அமாவாசைக்கு எதுக்குக்கா வந்தாங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சூரியன் எதற்கு உதிக்கிறது என்று கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

"அமாவாசைக்குத்தான தறிக்கு லீவு? மத்த நாள்ல தறிக் குழிய உட்டு ஏறினா யாரு நெய்யறது?"

மூன்று மாதமாக அந்தத் தறிச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நான் கதவைத் திறக்கும்போது ஓடியது, விளக்கு வைத்த பிறகு நான் பூட்டும்போதும் ஓடியது. அதை ஓட்டுகிறவர் எப்படி எழுந்து வந்து பேப்பர் படிப்பார் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் அமாவாசை என்றால் செத்தவர்களுக்குப் படைத்துவிட்டுக் காக்கைக்குச் சோறு வைப்பது. ஆடி அமாவாசைக்கு அதற்காகத்தான் லீவு போட்டிருந்தேன். அடுத்த அமாவாசை வெள்ளிக்கிழமையில் வந்தது. வெள்ளி நூலகத்துக்கு வார விடுமுறை. மாதத்தில் ஒரே ஒரு நாள் அவர்கள் வந்தார்கள், அந்த நாள் வந்த இரண்டு முறையும் கதவைச் சாத்தியிருந்தேன்.

சொன்னேன். வெள்ளிக்கிழமை விஷயத்தையும் சொன்னேன். பிறகு, வாய் சும்மா இருக்காமல் மற்றதையும் சொல்லிவிட்டேன்.

"நான் காலனின்னு வரலயோன்னு நெனச்சிட்டேங்க்கா."

அவர் நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினார்.

"அப்படிப் பேசனவங்களும் ரெண்டு பேரு இருக்கறாங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன். நாங்க இந்தத் தெருவுக்கு வந்து முப்பது வருசம் ஆவுது, இன்னும் எங்க வூட்டுக்குத் தெலுங்குக்காரங்க வூடுன்னுதான் பேரு. அதுக்கின்னா இப்ப? நீ புக்கு குடுப்பியா மாட்டியா?"

"குடுப்பேங்க்கா."

"வர அமாவாசைக்குத் தொறந்து வை."

வந்தது மகாளய அமாவாசை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. "இந்த வாட்டி நீயே படைச்சிடுப்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு விடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டேன். பத்து மணி வரை யாரும் வரவில்லை. அவர்களும் முன்னோருக்குப் படைத்துவிட்டுத்தானே வர வேண்டும்? அது தெரிந்தும் பத்துத் தடவை வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தேன். பதினொரு மணிக்கு மேல் ஒவ்வொருவராக, நெற்றியில் விபூதியோடு வந்தார்கள். பன்னிரண்டுக்கு மேல் பெஞ்சில் இடமில்லை, தரையில் உட்கார்ந்தார்கள். மதியம் நூலகத்தை மூட வேண்டும் என்பது சட்டம். நான் மூடவில்லை. சாயப்பட்டறையில் வேலை செய்கிற ஒருவர் நகக்கண்ணெல்லாம் அரக்குச் சிவப்போடு வந்து, "கையக் கழுவிட்டேன், இது போவாது" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். என்னிடம்! சாயங்காலம் பூட்டும்போது அலமாரியில் ஒரு தட்டு முழுதாகக் காலியாக இருந்தது. சைக்கிளில் வீடு திரும்பும்போது நான் சத்தமாகப் பாடிக்கொண்டு போனேன் என்று பிறகு ஊரில் சொன்னார்கள். இருக்கலாம்.

அதன்பின் பெண்கள் புத்தகங்களை எடுத்து வந்து மாற்றிக்கொண்டு போனார்கள், உட்கார்ந்து படிக்காததால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. படித்த இடத்துக்கு அடையாளமாக ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு துண்டுப் பட்டு நூல் கிடக்கும். மாம்பழ மஞ்சளா, மயில்கழுத்து நிறமா என்று பார்த்தே எந்த வீட்டுத் தறியில் இப்போது என்ன நிறம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். எதிர்வரிசையில் ஒரு வீட்டார் மட்டும் புத்தகத்தை நூலகப் படியில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். கடைசிவரை அப்படித்தான். அவர்களுக்கும் கொடுத்தேன்.

அதிகாரி ஒரு புதன்கிழமை காலையில் வந்தார். தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை, தெருவில் ஒரு தறி சும்மா இல்லை. உள்ளே நுழைந்தவருக்குக் காலி பெஞ்சுகளும் என் குட்டைக்கால் நாற்காலியும் காட்சி கொடுத்தன. பென்ஷன்காரர்களில் ஒருவருக்கு அன்று காய்ச்சல் வேறு.

அவர் பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. மகாளய அமாவாசைப் பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"ஒரே நாள்ல இத்தனை பேரா? நீயே உட்கார்ந்து எழுதினியா?"

எனக்குக் காதெல்லாம் சூடானது. பழைய ஆளாக இருந்தால் அங்கேயே ஏதாவது பேசி வேலையைத் தொலைத்திருப்பேன்.

"கையெழுத்து வேற வேறதான சார்? அன்னிக்குத் தறிக்கு லீவு. அதான் வந்தாங்க."

"இப்ப எங்க உன் வாசகருங்க?"

"தறியில இருக்கறாங்க சார்."

அவர் சுவரைப் பார்த்தார். அந்தச் சத்தம் அப்போதுதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"சரி, காட்டு."

காட்டு என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. வீட்டுக்காரர் வீட்டுப் படிக்கு இந்தப் பக்கமே நின்று, "அக்கா" என்று கூப்பிட்டேன். அதிகாரி எனக்குப் பின்னால் நின்றார். உள்ளேயிருந்து யாராவது வெளியே வந்து பேசினால் போதும் என்றிருந்தது. யாரும் வரவில்லை, குரல் மட்டும் வந்தது.

"உள்ள வாப்பா. கூட வந்திருக்கறவரையும் கூட்டிக்கினு வா."

எந்தக் காலை முதலில் வைத்தேன் என்று தெரியாது. உள்ளே போய்விட்டேன்.

வீட்டுக்காரர் குழிக்குள் இடுப்பளவு இறங்கி உட்கார்ந்து, நாடாவை இழைகளுக்குள் இப்படியும் அப்படியும் ஓட்டி நெய்துகொண்டிருந்தார். அந்த அம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். சுவர் மாடத்தில், காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில், ஊதா முத்திரை குத்திய எங்கள் நூலகப் புத்தகம் இருந்தது. அதிகாரி அதை எடுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அரக்கு நூல். தறியில் ஓடியதும் அரக்குதான்.

"நீங்க படிக்கறீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு ரெண்டு கையும் நாடாவுல மாட்டிக்கினு இருக்குதே, நான் எங்கங்க படிக்கறது? தாரு சுத்தி முடிச்சிட்டு இவ படிப்பா. நான் கேட்டுக்கினே நெய்வேன். அந்தாண்ட வூட்டுத் தறியும் நிறுத்திக் கேக்கும்."

"அப்ப ஒரு புத்தகத்துக்கு எத்தனை பேர்னு கணக்கு எழுதறது?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார். கேலியா, நிஜமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் நாடாவை நிறுத்திவிட்டு அதிகாரியிடமிருந்து புத்தகத்தை வாங்கினார். குழியிலிருந்தபடியே என் பக்கம் கையை நீட்டினார்.

"இது முடிஞ்சிடுச்சி. வேற ஒண்ணு குடுப்பா." பிறகு அதிகாரியைப் பார்த்து, "இந்தப் புள்ளய மாத்திடாதீங்க சார். அமாவாசைக்குத் தொறக்கறான்."

புத்தகம் அவர் கையிலிருந்து என் கைக்கு வந்தது. முதல் நாள் சாவியை ஏன் ஜன்னல் கட்டையில் வைத்தார் என்று நான் கடைசிவரை அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த அம்மா எழுந்துபோய் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே மாதிரி டம்ளர். முதலில் எது என் கைக்கு எட்டியதோ அதை எடுத்துக்கொண்டேன். அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். நான் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தேன்.

"இன்னும் வேணுமாப்பா?"

"ஊத்துங்கக்கா," என்றேன். அதையும் குடித்தேன். பாதி சட்டையில் வழிந்தது.

அதிகாரி நூலகத்துக்குத் திரும்பி வந்து, என் நாற்காலியில் ஆடிக்கொண்டே பதிவேட்டில் எழுதினார். வாசகர்கள் தத்தம் தறிகளில் உள்ளனர், கிளை இங்கேயே தொடரலாம். வெள்ளிக்கிழமையில் அமாவாசை வந்தால் விடுமுறையைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அவருடைய ஜீப் தெருமுனையைத் தாண்டியதும் நான் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் பார்க்க அங்கே யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

மேசை மேல் ஸ்குவாஷ் பாட்டில் அன்று நிரம்பியபடியே இருந்தது. வீணாகச் சுமந்து வந்த அந்தத் தண்ணீரை வாசலில் ஊற்றினேன். மறுநாள் நான் பாட்டில் எடுத்துப் போகவில்லை.