உப்பு தாண்டாத கடைசிக் கம்பு

என் வீட்டுக்காரர் ஹனீஃபாவுக்கு என்னைவிடக் குதிரைமேல்தான் பாசம். கத்தாரில் குதிரை லாயத்திலேயே காலம் தள்ளிவிட்டு வந்த மனிதர், ஊர் திரும்பியும் சும்மா இருந்தாரா? ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் சவரிநாதன் சார் நடத்தும் குதிரையேற்றப் பள்ளியில் போய் ஒட்டிக்கொண்டார். பாலக்கரையில் பெண்டாட்டி ஒருத்தி இருப்பது பசித்தால்தான் ஞாபகம் வரும்.

அங்கே வந்து சேர்ந்ததுதான் உப்பு. வேதாரண்யம் உப்பளத்துப் பக்கம் காட்டில் திரிந்து, அடிபட்டுக் கிடந்த குதிரை. வந்த வாரமே சாரின் கையைக் கடித்துவிட்டது.

"காட்டுக் குதிரை அடங்காது பாய். இந்த வருஷம் நம்ம பள்ளி நடத்துற போட்டியில மட்டும் சொல் பேச்சு கேக்கலேன்னா வெளியே தள்ளிடுவேன்" என்றார் சார்.

வெளியே போனால் வண்டியில் கட்டி அடித்தே கொன்றுவிடுவார்கள். இவருக்குச் சோறு இறங்கவில்லை.

தினமும் ஆற்று மணலில் பழக்கினார். பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு கேட்டதும் இறங்கித் தொழுவார். கட்டாமலே உப்பு அசையாமல் நிற்கும். அதைப் பார்த்து எனக்குப் பெருமை வேறு. புத்தி கெட்டவள்!

போட்டி நாள் வந்தது. அடி பிசகாமல் நடந்து காட்டும் சுற்றில் உப்பு முதல். பாய்ந்து போகும்போதே தரையில் அடித்த முளையை ஈட்டியால் பிடுங்கும் சுற்றிலும் முதல். மிச்சம் தடை தாண்டுவது மட்டும். மதியமே முடிந்திருக்கும்; சிறப்பு விருந்தினர் வந்து சேரவில்லை. இவர் களத்தில் இறங்கியபோது அஸர் நெருங்கிவிட்டது.

ஒவ்வொரு கம்பாக உப்பு பறந்து தாண்டியது. கடைசிக் கம்பு ஒன்றுதான் பாக்கி. பள்ளிவாசலில் பாங்கு கிளம்பியது. உப்பு நின்றுவிட்டது.

"யா அல்லாஹ், ஓட்டுங்க!" என்று கத்தினேன். இவர் குதிகாலால் தட்டினார், கழுத்தைத் தடவினார், கெஞ்சினார். அசையவில்லை. மணி அடித்து வெளியேற்றிவிட்டார்கள்.

சார் விறுவிறுவென்று களத்துக்குள் வந்தார். "சொன்னேன்ல பாய்? அடங்காதுன்னு!"

இவர் இறங்கி நின்று, கடிவாளத்தைப் பிடித்தபடி அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது; நானும் களத்துக்குள் ஓடினேன்.

"எது சார் அடங்காதது? பாங்கு கேட்டா நிக்கப் பழக்கினதே இவர்தான். இத்தனை கூட்டத்துலயும் பழக்கினதை விடல. அடங்கினதாலதான் சார் தோத்திருக்கு!"

சார் உப்பைப் பார்த்தார். பாங்கு ஓய்ந்திருந்தது. உப்பு அப்படியே நின்றது, இவர் தொழுது முடிக்கட்டும் என்று.

கடிபட்ட கையாலேயே கடிவாளத்தை வாங்கிக்கொண்டார் சார்.

"போய்த் தொழுதுட்டு வாங்க பாய். அடுத்த வருஷம் போட்டியைக் காலையில வெச்சுக்குவோம்."