கிண்ணியாப் பாதையில் நான் காவிய செருப்பு

நிலாவெளியில் புறாத்தீவுக்குப் போகும் படகு டீசல் புகையைக் கக்கியபோதுதான் அந்த எண்ணம் வந்தது. பாலம் வருவதற்கு முன்னால் கிண்ணியாத் துறையில் ஆட்களையும் பஸ்களையும் ஏற்றிக்கொண்டு உறுமியபடி ஊர்ந்த, நாங்கள் 'பாதை' என்று சொல்கிற அந்தத் தட்டைப் படகிலும் இதே மணம்தான். பின்னேரங்களில் பிள்ளைகள் நடுத்துறையில் அதிலிருந்து குதித்து நீந்துவார்கள். குதித்தவருக்கு முதல் அவருடைய செருப்பு கரையேறினால் அவர் தோற்றார். கழற்றிவிட்ட செருப்புகளைக் கையில் தூக்கி, பாதையோடு கரைக்குக் காவுகிற வேலை எப்போதும் எனக்கு.

"பயந்தாங்கொள்ளி, கவனமாப் பிடிடி!" என்று சொல்லிவிட்டு ஒருநாள் என் கூடப்பிறந்த மூத்தவளான ராத்தா குதித்தாள். வற்றுநீர் அவளைக் கடல் பக்கம் இழுத்தது. தலை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. இரும்புத்தளம் காலைச் சுட்டது, பாதை நின்றபாடில்லை. கரை தட்டியதும் எல்லாரும் இறங்க, நான் மட்டும் இறங்க மறுத்தேன். நான் இறங்கினால் செருப்பும் இறங்கும், ராத்தா தோற்றுவிடுவாள்.

தூரத்துக் கற்களில் ஏறி, இருமி இருமி நடந்து வந்தாள்.

"இன்னும் இறங்கல்லயா? அப்ப நான்தான் வெண்டன்!" என்று தன் வெற்றியை அறிவித்தாள்.

புறாத்தீவுப் படகில் எனக்கு வந்த எண்ணம் இதுதான்: நாளைக் காலை, நீர் ஏறுகிற நேரம் பார்த்து, பாலத்துக்குக் கீழே அந்தத் துறையை நீந்திக் கடக்கப் போகிறேன். "உனக்கு ஏலாதுடி" என்கிற ராத்தாதான் பக்கத்தில் தோணி வலித்து வருகிறாள்.