ஓரிக்கைக் கோல்கீப்பரை வாங்கிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊரே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்த மைதானத்தில் ஒரே ஒரு மனிதர் மட்டும் தோள் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். என் நண்பர் ஏகாம்பரம். பட்டுக்குச் சாயம் போடுகிறவர். கத்தினால் மாப்பிள்ளைக்குக் கோபம். கத்தாவிட்டால் மகனுக்குக் கோபம். பாவம், என்னதான் செய்வார்?

இந்த நிலைமைக்கு அவரைக் கொண்டு வந்தது வரதன் சலூன்.

காஞ்சிபுரத்தில் ஹாக்கிப் பைத்தியங்கள் கூடுகிற இடம் அது. முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் கம்மி. எங்கள் தெரு டீமைப் பிரித்துப் போட்டு மறுபடி சேர்க்க வருகிறவர்களே ஜாஸ்தி. 'சென்டர் ஃபார்வர்டை லெஃப்ட் இன்னில் போட்டால்? லெஃப்ட் இன்னை ரைட் அவுட்டுக்குத் தள்ளினால்?' என்று யாராவது ஆரம்பித்தால் போதும், காபி ஆறிப்போகும். வரதன் பாதி மழித்த கன்னத்தை அப்படியே விட்டுவிட்டு வாதத்துக்கு வந்துவிடுவான்.

"சேகரை சென்டர்லேர்ந்து எடுக்கணும்பா" என்பேன் நான்.

"எடுத்துட்டு யாரைப் போடுவீங்க, உங்களையா?" என்று சீறுவார் ஏகாம்பரம். சேகர் அவர் பையன். டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். டீமில் கோல் போடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அது எனக்கும் தெரியும். ஆனால் ஒப்புக்கொண்டால் அப்புறம் எதைப் பேசுவது?

நாங்கள் எல்லோரும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்று. எங்கள் கோல்கீப்பர். பந்து வந்தால் விலகி வழிவிடுகிற மரியாதைக்காரர். பக்கத்து ஊரான ஓரிக்கை டீமிலோ தணிகாசலம் என்று ஒரு நெசவுக்காரப் பிள்ளை... சுவர்!

"நம்ம ரெண்டு ஃபுல்பேக்கையும் குடுத்துட்டு அந்தத் தணிகாவை வாங்கிக்கலாம்" என்றேன் ஒரு நாள்.

"கூட ரைட் அவுட்டையும் குடுங்க. அவன் எதுக்கு, சும்மா ஓடிக்கினு?" என்றான் வரதன்.

எப்படி வாங்குவது? சம்பளமா, ஒப்பந்தமா? அவரவர் ஊருக்கு அவரவர் ஆடுகிறார்கள். சும்மா பேச்சுதான். அப்போதுதான் வரதன் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னான்: "ஏகாம்பரம் அண்ணே, உங்க வசந்தாவைக் குடுத்துப் புடிச்சிக்கினு வந்துடுங்களேன்!"

எல்லோரும் சிரித்தோம். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. ரொம்ப நாளாக மகளுக்கு வரன் தேடி அலுத்துப் போயிருந்த மனிதர். அந்த வாரமே ஓரிக்கைக்குக் கிளம்பிவிட்டார்.

ஜாதகம் பொருந்தியது. வசந்தாவைக் கேட்டார்கள். "அவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கேன். சரின்னு சொல்லுங்க" என்றாள். வைகாசியில் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்துகொண்டே நாங்கள் புது டீம் போட்டோம். கோலில் தணிகாசலம். இனி கவலையே இல்லை!

தாம்பூலப் பையோடு மாப்பிள்ளையிடம் போய், "இனிமே நம்ம டீம்தானே?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இன்னா சார், கல்யாணம் ஆனா பொண்ணுதானே வூடு மாறும்?"

அடக் கடவுளே! இது ஏன் எங்கள் ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை? ஓரிக்கைக்காரர்களுக்குத்தான் லாபம். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்ய, தறியில் நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நூல் நாடாவைப் போட வேண்டும். அதற்குக் கூலிக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த வீடு அது. வசந்தா போய் உட்கார்ந்ததும் தறி சும்மா பறக்கிறதாம்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்த வருஷக் கோப்பை ஃபைனலில் எங்கள் தெருவும் ஓரிக்கையும் மோதின. அதுவும் ஆடி மாதம். தலை ஆடிக்கு வசந்தா அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறாள். மத்தியானம் மாப்பிள்ளைக்கு விருந்து, சாயங்காலம் மேட்ச். டீமின் நன்மையை உத்தேசித்து, "இன்னும் ரெண்டு போளி வைங்கம்மா" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மனிதர் அசராமல் சாப்பிட்டார்.

விஷயம் கோப்பை மட்டும் அல்ல. மெட்ராஸில் ஒரு கம்பெனி டீமுக்கு ஃபார்வர்ட் ஆள் தேடி ஒருவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிடித்துப்போனால் சேகருக்கு வேலை. பிடிக்க வேண்டுமானால் கோல் போட வேண்டும். கோலில் நிற்பதோ மாப்பிள்ளை!

சேகர் என்ன செய்தான் தெரியுமா? தனியாகப் பந்தோடு உள்ளே போவான். தணிகாசலத்தைப் பார்த்ததும் கை தளர்ந்துவிடும். வைகாசியில் அவர் காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவியவன் அல்லவா? அந்தக் காலைப் பார்த்துப் பந்தை அடிப்பதா? பிரசாதம் கொடுக்கிற மாதிரி மெதுவாகத் தள்ளிவிட்டான். மெட்ராஸ்காரர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆட்டம் முடிகிற நேரம், இரண்டு பக்கமும் கோலே இல்லை. எங்களுக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக். இந்தப் பக்கம் மச்சான், அந்தப் பக்கம் மாப்பிள்ளை. நடுவில் ஒரு பந்து.

"டேய், மெதுவாடா... காலு கீலுல பட்டுடப் போவுது!" ஏகாம்பரத்தின் குரல் துண்டைத் தாண்டி வந்தது. சேகர் திரும்பி அப்பாவைப் பார்த்தான். பையன் மறுபடி தள்ளிவிடத்தான் போகிறான், வேலையும் போகப்போகிறது.

அப்போது பெண்கள் பக்கமிருந்து புதுத் தாலிக்கயிறோடு ஒருத்தி முன்னால் வந்தாள்.

"அண்ணா! வூட்லதான் அவரு மாப்பிள்ளை! இங்க வெறும் கோல்கீப்பரு! இடது கைப் பக்கம் தூக்கி அடி! அந்தக் கை அவருக்கு லேட்டு... தினம் தறியில பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருக்கேன்!"

அம்பயர் விசில் ஊதினார். தணிகாசலம் ஒரே ஒரு கணம் மனைவி இருந்த பக்கம் திரும்பினார். போதுமே! இடது கைக்கு மேலே பந்து பறந்து வலையில் விழுந்தது. கோப்பை எங்களுக்கு!

ஏகாம்பரம் துண்டை எடுத்து ஆகாயத்தில் வீசினார். மாப்பிள்ளை கோபித்துக்கொள்வாரோ என்று எல்லோரும் பயந்துகொண்டே பார்த்தோம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சேகரிடம் வந்து, "உங்க தங்கச்சி சொல்லிட்டா நான் எதிர்த்து ஒண்ணும் செய்யறதில்ல மச்சான்" என்று கட்டிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. சேகர் வருகிற மாதம் மெட்ராஸில் வேலையில் சேருகிறான்.

மறுநாள் காலை சலூனில் எங்களுக்குப் புதுக் கவலை. சேகரும் போய்விட்டால் சென்டரில் யார்? பேசிப் பேசி ஒரு முடிவுக்கும் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்ன வருத்தம்.

யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்று இத்தனை வருஷம் வாய் வலிக்கப் பேசியவர்கள், கொடுக்கவே கூடாத ஆளைத் தாம்பூலம் மாற்றி ஓரிக்கைக்குக் கொடுத்துவிட்டோமே!