துணைக்கு வந்த வசுகி

மெல்பேர்னிலிருந்து வெகு தொலைவில் உள்ள சிறிய ஊர் எங்களுடையது. மகள் பிறந்த பிறகு, என் கையால் அவளுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அவளைத் தூக்கவே எனக்குப் பயமாக இருந்தது. உதவி கேட்க ஊரில் ஒரேயொரு சமூகப் பணியாளர்தான் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாததால் என் தோழி வசுகி மொழிபெயர்க்க வந்தாள். கணவரிடம்கூடச் சொல்லாத அந்தப் பயத்தை அன்று அழுதுகொண்டே சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு பிறந்தநாள் விழாவில், அதிகம் பழகாத ஓர் அன்ரி என் மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

“நீர் பிள்ளையோட தனிய இருக்கக்கூடாதாம். வசுகி சொன்னவ.”

வசுகியைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

“உம்மட நன்மைக்குத்தானே சொன்னனான்,” என்றாள்.

நடந்ததை அறிந்த சமூகப் பணியாளர், வேறு ஊரிலுள்ள மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் ஏற்பாடு செய்தார். முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் எல்லாம் பேச முடிந்தது. இப்போது மகளைத் தயங்காமல் தூக்குகிறேன். வசுகி கை நீட்டினால் மட்டும் கொடுப்பதில்லை.