உப்புப் பாத்தியில் ஒரு கால்தடம்

துடைத்த தரையில் கால்தடம். "யாரு மிதிச்சது?" என்று கத்தினேன். அப்படியே அப்பாவின் குரல்.

நான் சிறுமியாக இருந்தபோது, மரக்காணத்தில் எங்கள் உப்புப் பாத்தியில், மிதித்தால் சேறு கலந்துவிடுகிற உப்பு பூக்கும் நேரத்தில், யாரோ நடுவில் கால் பதித்திருந்தார்கள். அப்பா கொதித்துப்போய் அம்மாவையும் என்னையும் பக்கத்துப் பாத்தி அந்தோணி மாமாவையும் இறங்கி, அந்தத் தடத்தில் கால் வைக்கச் சொன்னார். யாருக்கும் பொருந்தவில்லை.

"நீங்களும் வெச்சிப் பாருங்களேன்," என்றார் அம்மா.

கச்சிதமாகப் பொருந்தியது. அப்பா காலை எடுக்கவே இல்லை.

"நான்தாம்பா. மன்னிச்சிக்குங்க," என்றார் எல்லோரையும் பார்த்து.

"மன்னிச்சிட்டோம், மொதல்ல மேல ஏறு," என்றார் மாமா. அதற்குள் பாத்தி முழுக்க எங்கள் கால்தடம்.

இப்போது கணவரும் மகளும் எட்டிப் பார்த்தார்கள். அவர்களைக் கூப்பிட வாயெடுத்தவள், எதற்கும் முதலில் என் காலை வைத்துப் பார்த்தேன்.

"மன்னிச்சிக்குங்க," என்றேன்.