தலையாட்டும் ரோபோ

இன்று காலை கல்லடியில் ஒரு கூட்டம். வயதானவர்களுக்கு வீட்டில் துணையாக இருக்க ரோபோ செய்கிறார்களாம். அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வயதான நாங்கள்தான் சொல்ல வேண்டுமாம்.

போனேன்.

அங்கே நின்ற ரோபோ என் முகத்தை உற்றுப் பார்த்தது. அடையாளம் பிடிபட்டதும் மெல்லத் தலையாட்டியது.

நான் பின்னுக்கு நகர்ந்தேன்.

சண்டைக் காலத்துச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் எங்களை வரிசையில் விட்டார்கள். முகத்தை மூடிய ஒருவன் என் தம்பியைப் பார்த்து இப்படித்தான் தலையாட்டினான். அப்படி ஆளைக் காட்டிக்கொடுப்பவனைத் 'தலையாட்டி' என்போம். கொண்டுபோன தம்பி இன்னும் வரவில்லை.

ரோபோ செய்த பொடியனிடம் சொன்னேன்: "மனே, இந்தத் தலையாட்டுறதை எடுத்துப்போடுங்க."

"அது மரியாதைக்கு ஆட்டுது அம்மா. வெளிநாட்டில எல்லாருக்கும் நல்ல விருப்பம். அதை மாத்த ஏலாது."

"மறுகா என்னத்துக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?"

"நிறம் நீங்க சொல்லலாம் அம்மா."

சுனாமிக்குப் பிறகு வீடு கட்டித் தந்தவர்களும் இப்படித்தான். குசினியை எங்கே வைப்பது என்று கேட்கவில்லை. சுவருக்கு என்ன நிறம் என்றுதான் கேட்டார்கள். இன்றும் அடுப்பு மூட்டினால் படுக்கிற அறைக்குள் புகை.

பக்கத்தில் இருந்த பெண்கள் நீலம், பச்சை என்று சொல்லத் தொடங்கினார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

தலையாட்டிக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.