மரியாதைக்கு விட்ட அரை அங்குலம்

எங்கள் கார்மன்ட் பெக்டரியில் தைக்கிற உடுப்பு எந்த ஊரில் யார் உடம்பில் ஏறுகிறது என்று எங்களுக்குத் தெரியாது. லைனில் ஒருத்தி கொலர் தைப்பாள், ஒருத்தி கை பிடிப்பாள், ஒருத்தி பட்டன் வைப்பாள். பெட்டியில் போட்டு லொறியில் ஏற்றிவிட்டால் அதோடு சரி. ஆனால் ஒரே ஒரு உடுப்பு மட்டும் யார் போட்டான், போட்டுக்கொண்டு என்ன செய்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தைத்தது நான்தான். இதைச் சொல்லும்போது கொஞ்சம் தலைக்கனம் வரும். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், வருடக்கணக்காக மிஷினுக்கு முன்னால் குனிந்தே கிடக்கிற தலைதானே.

நான் தெல்தெனியப் பக்கத்திலிருந்து பல்லேகலைக்குப் பஸ்ஸில் வருகிறவள். சாம்பிள் ரூமில் வேலை. எந்தப் புது உடுப்பானாலும் முதலில் ஒன்றைத் தைத்துப் பார்ப்பது அங்கேதான். துணி வெட்டுகிறவர் கண்டி டவுனிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் அக்கா, அவர்கள் வழக்கப்படி ராத்தா. என்னைவிட மூத்தவர். 'பிஸ்மி' சொல்லிக் கத்தரியை வைத்தாரென்றால் துணி முடிகிற வரை நிமிரமாட்டார். பேச்சும் கிடையாது. அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவதால் எங்கள் அறையில் சத்தத்துக்குக் குறைவில்லை.

எங்கள் மேனேஜர் சேர் சிங்களவர். எங்களோடு மாரடித்தே தமிழ் படித்தவர். ஒரு நாள் தடித்த, அமுக்கினால் மேலே எழும்புகிற ஒரு துணியைக் கொண்டுவந்து வெட்டு மேசையில் போட்டார்.

"இது பனி நாட்டு விளையாட்டுக்கு. மலையில இருந்து சறுக்கி வந்து பாயுற போட்டி. ஆம்பளைங்க தனித்தனியா பாயுவாங்க. ஒரு சின்ன நாட்டுப் பையனுக்கு நாமதான் சூட் தைக்கப் போறோம்" என்றார்.

போனில் காட்டினார். ஐயோ, நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒருவன் உச்சியில் ஒரு கம்பியில் உட்கார்ந்திருக்கிறான். காலில் ஆளை விட நீளமான இரண்டு பலகை. கையை விட்டதும் குந்தினபடியே வழுக்கிக்கொண்டு வருகிறான். விக்டோரியா அணைக்கு இறங்குகிற ரோட்டில் பிரேக் இல்லாத சைக்கிளை விட்டால்கூட அந்த வேகம் வராது. கடைசியில் எழும்பி ஒரே பாய்ச்சல். விழவில்லை. பலகைகளின் மேல் குப்புறப் படுத்தது போலக் காற்றில் போகிறான், போகிறான், போய்க்கொண்டே இருக்கிறான்.

"அடி ஆத்தே! இவனப் பெத்தவ இத எப்புடித்தான் பாத்துக்கிட்டு இருக்காளோ?" என்று கத்திவிட்டேன்.

சேர் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். உடுப்பு லூசாக இருந்தால் காற்றைப் பிடிக்கும். காற்றைப் பிடித்தால் கூடத் தூரம் போகலாம். அது கள்ள ஆட்டம். அதனால் பாய்ந்து முடிந்த பிறகு ஆளை ஓர் அறைக்குக் கூப்பிட்டு உடுப்பை உடம்போடு வைத்து அளப்பார்கள். விட்ட அளவுக்கு மேல் ஒரு பொட்டு கூடியிருந்தாலும் ஆள் வெளியே. எவ்வளவு தூரம் பாய்ந்திருந்தாலும் கணக்கில் வராது.

ராத்தா அந்தப் பையனின் அளவுகளைப் பார்த்தார். "இந்தப் புள்ள சோறு திங்கிறல்லயா?" என்று மட்டும் கேட்டார். பிறகு வெட்டினார்.

அங்கேதான் பிழை நடந்தது. ராத்தா கார்மன்டுக்கு வருவதற்கு முன் வீட்டில் தையல் செய்தவர். ஆம்பிளைக்குக் களிசான், அதுதான் காற்சட்டை, தைத்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் கவட்டில் டேப் வைத்து அளக்கமாட்டார்கள். பழைய களிசான் ஒன்றைக் கேட்டு வாங்குவார்கள், இல்லாவிட்டால் கண்ணளவு. அந்த இடத்தில் அரை அங்குலம் கூட விட்டு வெட்டுவார்கள். மரியாதைக்கு. குந்தி எழும்ப வேண்டும், தொழும்போது குனிந்தால் பின்னால் விரியக்கூடாது, உடம்பின் வடிவம் ஊருக்குத் தெரியக்கூடாது. அது ராத்தாவின் கையில் ஊறிப்போன பழக்கம். அந்தப் பையனுக்கும் கை தன்பாட்டில் அரை அங்குலம் விட்டுவிட்டது. சோதித்துப் பார்க்கிற பிள்ளைகளும் அதைக் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் சாதாரண விளையாட்டுக் களிசானில் அரை அங்குலத்தை யாரும் ஒரு குற்றமாக எடுப்பதில்லை.

சில வாரம் போய் சேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். பையன் ஒரு சின்னப் போட்டியில் எங்கள் உடுப்போடு பாய்ந்திருக்கிறான். அவன் வாழ்க்கையிலேயே நல்ல பாய்ச்சலாம். அளக்கிற அறையில் பிடித்து வெளியே போட்டுவிட்டார்கள்.

"எந்த இடம் சேர் பெரிசு?" என்று கேட்டேன்.

மனுசனுக்குக் காது சிவந்துவிட்டது. "அனே, அந்த… ரெண்டு காலும் சேருற இடம்" என்றார்.

ராத்தாவின் கையிலிருந்த சோக்குக் கட்டி கீழே விழுந்தது. சேர் ஏசவில்லை. பெரிய சர்வதேசப் போட்டி வருகிறது, அதற்கு இன்னொரு சூட் கேட்டிருக்கிறார்கள், அதுவும் பிழைத்தால் இனி எங்களிடம் வரமாட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராத்தா சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கவே இல்லை. "அந்தப் புள்ள எவ்வளவு காலம் பழகியிருப்பான், தங்கச்சி. என்ட கையால அவன்ட பாய்ச்சல் இல்லாமப் போச்சு. இன்னொருக்கா அப்பிடி நடந்தா, அல்லாஹ் அறிய, நான் கத்தரியத் தொடமாட்டேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "என்னா பேச்சு ராத்தா இது? ஒரு சறுக்கலுக்கு யானை காட்டுக்கே போயிருமா? நீங்க கத்தரிய வச்சா நான் மிஷின வச்சிட்டுப் போறேன். ரெண்டு பேரும் கண்டி மார்க்கட்டுல கீரை விப்போம், வாங்க!" என்று கத்தினேன். ராத்தா சிரிக்கவில்லை. சொன்னால் செய்கிற ஆள் அவர் என்று தெரிந்ததால்தான் நான் அப்படிக் கத்தினேன்.

இரண்டாவது உடுப்புக்கு ஓர் உயிருள்ள உடம்பு வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் மிஷின் மெக்கானிக் ஒல்லியான மனுசன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், ஆனாலும் இடுப்பு அந்தப் பையனின் இடுப்பேதான். வெட்டித் தற்காலிகத் தையல் போட்டதை அவருக்கு மாட்டி, வெட்டு மேசைக்கு மேலே ஏற்றி, போனில் பார்த்தபடி குந்தவைத்தோம். கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு மனுசன் குந்தியிருந்த கோலத்தைப் பார்த்து லைன் பிள்ளைகள் கதவுக்குப் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. ஒங்க மிஷின் நின்னா நானும் வந்து சிரிக்கிறேன்" என்றார் மேலே இருந்தபடியே.

ராத்தா அலுமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சேர்தான் டேப்பைப் பிடித்து அளவைச் சொன்னார், ராத்தா முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார். அதற்குப் பிறகு கூடின துணியைப் பிடித்து ஊசி குத்த வேண்டும். சேர் ஊசியைப் பிடித்த பிடியைப் பார்த்து மெக்கானிக் "சேர், நான் புள்ளகுட்டிக்காரன்" என்று அலறினார்.

ராத்தா திரும்பினார். முந்தானையைத் தலையில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு நேராக வந்தார். "தள்ளுங்க சேர். ஆஸ்பத்திரியில நர்ஸ்மாரு பாக்கிறல்லயா, அப்பிடித்தான் இதுவும்" என்று சொல்லி ஊசியை வாங்கிக்கொண்டார். அவர் துணியை இரண்டு விரலால் பிடித்து, விட்டு, திரும்பப் பிடித்து, ஊசி குத்தினார். குந்தச் சொன்னார், எழும்பச் சொன்னார். துணி இழுபட்டுக்கொடுத்தது, கிழியவில்லை. எனக்கு அந்த நேரம் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

தைக்கிறபோது முருகனை நான் விட்டுவைக்கவில்லை. அந்தத் துணி ஊசிக்குக் கீழே வழுக்கும், கொஞ்சம் இழுத்தால் கோணும். ஒரு பக்கத்தைப் பிரித்துத் திரும்பவும் தைத்தேன். உடுப்புக்கு நீல உடம்பு, வெள்ளைக் கை. முடிந்ததும் ராத்தா கவட்டுத் தையலைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். உடுப்பு போயிற்று.

போட்டி நடந்த நாடு எங்களுக்குக் கிழக்கே, அங்கே அது இரவு, எங்களுக்குச் சாயந்தரத் தேத்தண்ணி நேரம். சேர் கென்டீன் டீவியில் போட்டார். வழக்கமாகக் கிரிக்கெட் மட்டும் ஓடுகிற டீவி அது. மைதானம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஆட்களுக்குக் கிரிக்கெட்டைத் தவிர மற்றதெல்லாம் விளையாட்டே இல்லை. ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் "என்ன இது, பல்லி விழுற மாதிரி விழுறானுங்க?" என்றார். நான் பார்த்த பார்வையில் வாயைப் பொத்திக்கொண்டார்.

எங்கள் பையன் வந்தான். நீல உடம்பு, வெள்ளைக் கை. கம்பியில் உட்கார்ந்தான். ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்தார். கையை விட்டான், வந்தான், பாய்ந்தான். காற்றில் போகும்போது கேமரா பக்கத்தில் காட்டியது. துணி உடம்போடு ஒட்டிக்கிடந்தது, ஒரு சுருக்கம் இல்லை. இறங்கினான். கென்டீன் முழுக்கக் கைதட்டல். நானும் ராத்தாவும் தட்டவில்லை. எங்களுக்கு இனிமேல்தான் பயம்.

முதல் சுற்றில் நன்றாகப் பாய்ந்தவர்களுக்குத்தான் இரண்டாவது பாய்ச்சல். தூரம் அவனுக்குப் போதும் என்றார் சேர். அளவில் பிடிபட்டால் இரண்டாவது சுற்றில் அவன் வரமாட்டான், பிடிபடாவிட்டால் வருவான். இடைவேளையில் விளம்பரமாகப் போட்டுக் கொன்றார்கள். தேத்தண்ணி நேரம் முடிந்து பெல் அடித்தது. சேர் ஒருவரையும் எழும்பச் சொல்லவில்லை. ராத்தாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என் மணிக்கட்டு மரத்துப்போனது.

இரண்டாவது சுற்று தொடங்கியது. ஒருவன் பாய்ந்தான். வேறு நாட்டுக்காரன். இன்னொருவன். அவனும் இல்லை. அடுத்து உச்சியில் இருந்த கம்பியைக் காட்டினார்கள். நீல உடம்பு, வெள்ளைக் கை.

"பாஸ்! ராத்தா, உடுப்பு பாஸ்!" நான் மேசையில் அடித்த அடியில் யாரோ ஒருவரின் தேத்தண்ணி கவிழ்ந்தது. சேர் சிங்களத்தில் ஏதோ கத்தினார். மெக்கானிக் தானே பாய்ந்தது போல இரண்டு கையையும் தூக்கினார். அவன் அந்தப் பாய்ச்சலைப் பாய்ந்து இறங்கியதை நாங்கள் அரைகுறையாகத்தான் பார்த்தோம். இரண்டாவது முறையும் அவனை யாரும் வெளியே போடவில்லை.

கடைசியில் அவன் பதினெட்டாவது. ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். "பதினெட்டா? மெடல் ஒன்னும் இல்லயே. இதுக்கா இந்த ஆட்டம் ஆடுனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ராத்தா எழும்பிவிட்டார். இத்தனை வருடத்தில் கென்டீனில் அவருடைய குரலைப் பாதிப் பேர் கேட்டதே இல்லை. எந்த உடுப்பைப் பற்றிக் கேட்டாலும் 'நாங்க செஞ்சது' என்றுதான் சொல்வார். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

"எத்தனையாவது எண்டது அவன்ட வேல" என்றார். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. "அவன் உடுத்தியிருந்தானே, அது நான் வெட்டினது."